சகாயம் ஒட்டிய டிரெய்லர்

சகாயத்துக்கு மீன் நாற்றம் ஆகாது. தங்கச்சிமடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், நான்கு தலைமுறையாக வலை இழுத்த வீட்டில் பிறந்த மனிதருக்கு மீன் நாற்றம் குடலைப் புரட்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பதினாறு வயதில் அய்யா ஒரே ஒரு தடவை படகில் ஏற்றிக்கொண்டு போனார். கரை கண்ணை விட்டு மறைவதற்குள் மூன்று தரம் வாந்தி எடுத்து, நான்காம் தரம் வலையின் மேலேயே எடுத்துவைத்தார் சகாயம். "இவன் கரையிலயே கெடக்கட்டும்" என்று அய்யா அன்றோடு கைகழுவிவிட்டார்.

கரையில் கிடந்தவர் லாரி ஏறினார். முதலில் ஐஸ் வண்டி, அடுத்து லோடு லாரி, கடைசியில் நாற்பதடிப் பெட்டி இழுக்கிற டிரெய்லர். மண்டபத்தில் உறைய வைத்த இறாலை ஏற்றிக்கொண்டு கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவதும் வருவதும்தான் பிழைப்பு. பெட்டியை மூடி முத்திரை வைத்துவிட்டால் உள்ளே இருப்பது இறாலா இரும்பா என்று மூக்குக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார். ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டதில்லை. அந்தப் பெருமை தலைக்கு ஏறி உட்கார்ந்துவிட்டதால் மற்ற டிரைவர் ஒருவனைக்கூட அவருக்குப் பிடிக்காது. ஓட்டும்போது போன் பேசுகிறவன் கழிசடை. வளைவில் முந்துகிறவன் கழிசடை. வண்டிக்குள் வெற்றிலை துப்புகிறவனைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்பேர்ப்பட்டவரின் வண்டிதான் மூன்று வருஷத்துக்கு முன்னால், மாரியூருக்குப் பிரிகிற விலக்குக்கு முந்தின வலது வளைவில், ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி உப்பளத்தில் விழுந்தது. பட்டப்பகல். எதிரே வண்டி இல்லை. நல்லவேளையாக உப்பளத்திலும் ஆள் இல்லை. சகாயத்தின் வலது முட்டி மட்டும் தூள் தூளாகப் போனது. ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்தபோது லாரி டிரைவர்கள் சங்கத்தின் தலைவர் மருதுபாண்டி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"பிரேக் பிடிக்கல" என்றார் சகாயம்.

"பிரேக்கை எப்ப, யார்ட்ட பாத்தீக?"

"முந்தாநேத்து. பூமிநாதன்ட்ட."

அந்தப் பேச்சோடு பூமிநாதன் கதை முடிந்தது. உச்சிப்புளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவன். மண்டபம் லாரி ஸ்டாண்டில் தகரக் கொட்டகை போட்டுப் பத்து வருஷமாக மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை பட்ட வண்டி உப்பளத்தில் கிடக்கிறது என்று ஊருக்குத் தெரிந்ததும் ஒரு லாரிகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆறு மாதத்தில் கொட்டகையைப் பிரித்தான். தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கோயில் பார்க்க வருகிறவர்களின் வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டுவதாகக் கேள்வி. உப்புத் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறிய சகாயத்தின் வண்டியைக் கண்டம் துண்டமாக வெட்டி எடைக்குப் போட்டார்கள். பிரேக் எப்படி இருந்தது என்று பார்க்க அதில் எதுவும் மிச்சமில்லை.

சகாயம் வீட்டோடு இருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார். "மிதிக்கேன், மிதிக்கேன், பிடிக்கவே இல்ல. வலக்கைப் பக்கம் முழுசா ஒடிச்சேன். பின்னால முப்பது டன்னு இருக்கு, கேக்குமா? தள்ளிக்கிட்டுப் போயி எறக்கிருச்சு." இதை நூறு தடவை சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல, ஸ்டியரிங்கின் வழுவழுப்பு, உள்ளங்கையில் ஏறிய சூடு வரைக்கும் விவரம் கூடிக்கொண்டே வந்தது. முடிக்கும்போது பூமிநாதன் பேரைச் சொல்லி வாசல் பக்கம் காறித் துப்புவார். அது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. வாசலைக் கூட்டுகிற மனைவி ரெஜினாவுக்குத்தான் அது எரிச்சல்.

அந்தச் சமயத்தில் கத்தாரில் இருக்கிற தங்கச்சி புருஷன் ஊருக்கு வந்தவர், வீட்டில் சும்மா கிடக்கிற மச்சானுக்குப் பொழுது போகட்டும் என்று இரண்டு பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றில் லாரியின் முன்வண்டி, இன்னொன்றில் அது இழுக்கிற டிரெய்லர். இரண்டும் பிளாஸ்டிக். துண்டு துண்டாக இருக்கும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கு. சகாயம் பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்தார். "லாரி ஓட்டுனவனுக்கு வெளாட்டுச் சாமானா? நல்லா இருக்குய்யா மரியாதை" என்று பீரோ மேல் தூக்கிப் போட்டார். அது ஒரு வருஷம் அங்கேயே கிடந்தது.

அதை இறக்க வைத்தது ஒரு சேதி. சங்கத்துக்கென்று மண்டபத்தில் சொந்தமாக ஒரு பழுது பார்க்கும் ஷெட் கட்டியிருந்தார்கள். அதற்கு நிரந்தர மெக்கானிக்காகப் பூமிநாதனைப் போடலாம் என்று பேச்சு அடிபட்டது. ஈஸ்டர் கழிந்து ஏழாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு. சகாயத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மருதுபாண்டிக்குப் போன் போட்டார்.

"ஏன் மருது, என் காலை மறந்துட்டீகளா?"

"மறப்பமாண்ணே? ஆனா நல்ல வேலைக்காரன் அவன். ஒரு தடவ தப்பு நடந்துருச்சு. பொண்ணு வேற படிச்சுக்கிட்டிருக்கு..."

"அவன் பொண்ணு படிக்க என் முட்டியா கெடச்சுச்சு?" என்று கத்திவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தார்.

மூன்று வருஷத்தில் மறந்துவிட்டார்கள்! அப்போதுதான் பீரோ மேல் இருந்த பெட்டிகள் கண்ணில் பட்டன. வண்டியை அப்படியே செய்து கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன? வளைவைச் சாக்பீஸில் வரைந்து, வண்டி எப்படிப் போனது, முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கண்ணுக்கு முன்னால் காட்டினால் எந்த வாய் பேசும்? வாயால் நூறு தடவை சொன்னது ஒரு தடவை பார்த்ததற்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றியது.

பெட்டியைப் பிரித்ததுமே அருவருப்பு தொடங்கியது. சன்னலுக்கு அடிக்கிற கிராதி மாதிரிச் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், ஒவ்வொரு சட்டத்திலும் பொடிப்பொடியாகத் தொங்குகிற துண்டுகள். நானூற்றுச் சொச்சம் இருக்கும். அச்சு, கண்ணாடி, மட்கார்டு, ஆணி அளவில் கதவுக் கைப்பிடி. எல்லாவற்றையும் நகவெட்டியால் நறுக்கி, ஓரத்தில் நிற்கிற பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்த்த தூள் மூக்கில் ஏறியது, சோற்றில் விழுந்தது. பசையோ, ஆஸ்பத்திரி நாற்றமும் சாராய நாற்றமும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. ரெஜினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடமாடினாள்.

"மீன் நாத்தம் ஆகாதுன்னு வீட்டுல கருவாடு சுட விட மாட்டீக. இது மட்டும் மணக்குதாக்கும்?"

"ஒனக்கு என்ன தெரியும், போ அங்கிட்டு."

அதைவிடக் கொடுமை, வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் ஊர் வண்டி. "த்தூ, எந்த ஊர்லடா இப்பிடி ஒக்காந்து ஓட்டுவான்?" என்று திட்டிக்கொண்டே முன்பலகையை இரண்டாக அறுத்து, மாற்றி ஒட்டி, வலது பக்கம் கொண்டுவந்தார். மூஞ்சி அவருடைய வண்டியின் மூஞ்சி இல்லை. அதற்கும் திட்டினார். காட்போர்டு வெட்டிப் பம்பர் வைத்தார். நெற்றியில் 'புனித அந்தோணியார் துணை' என்று ஊசி முனையால் எழுதினார். முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகிற காற்றுக் குழாய்க்குத் தூண்டில் நரம்பைச் சுருட்டிச் சிவப்பு அடித்தார். பெயிண்ட் காய்வதற்குள் கொசு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதன் காலை எடுக்கப் போய்க் கதவு முழுக்க விரல்ரேகை. தன் கட்டை விரலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. முப்பது டன்னைத் தூசி மாதிரித் திருப்பிய கைக்கு ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிக்கத் தெரியவில்லை.

எப்படி ஒட்டுவது என்று படம் போட்ட தாள் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அதை அவர் திறந்தே பார்க்கவில்லை. லாரியில் இருபத்திரண்டு வருஷம் உண்டு உறங்கியவனுக்குத் தாள் சொல்லித் தர வேண்டுமா? எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். அந்தத் திமிரில்தான் தப்பு நடந்தது. முன்சக்கரம் இரண்டையும் இணைத்துத் திருப்புகிற கம்பியை, தீக்குச்சியில் பாதி இருக்கும், பசை போடாமல் செருக வேண்டுமாம். சகாயம் பசை போட்டார். காய்ந்த பிறகு திருப்பிப் பார்த்தார், பட்டென்று ஒடிந்தது. இனி சக்கரம் இப்படியும் அப்படியும் திரும்பாது. ஒரு பக்கமாக வைத்து ஒட்டினால் ஒட்டினதுதான்.

அதனால் என்ன? அன்றைக்கு இருந்த மாதிரி ஒட்டிவிட்டால் போதும். கடைசி வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம், மற்ற எல்லாம் முடிந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, வண்டி அச்சு அசலாக வந்திருந்தது. டயர் ஓரத்தில் மண், டிரெய்லர் அடியில் துரு, பின்கதவில் முத்திரை. சகாயம் போனை எடுத்தார். வண்டியைத் தூக்கக் கிரேன் கொண்டுவந்த அன்று மருதுபாண்டி எடுத்து அனுப்பிய போட்டோ அதில் இருந்தது. எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறார். காட்டும்போதெல்லாம் நசுங்கிய கேபினைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார். "இதுக்குள்ளதான் நான் இருந்தேன்." பார்க்கிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். இன்றைக்குச் சக்கரம் எவ்வளவு ஒடிந்திருக்கிறது என்று அளவு தெரிய வேண்டியிருந்தது. விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

முன்சக்கரம் இரண்டும் பாதி சேற்றில் இருந்தன. இரண்டும் நேராக இருந்தன.

மோதிய வேகத்தில் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். படத்தைத் தள்ளினார். தார் ரோட்டின் ஓரத்திலிருந்து உப்பளத்து வரப்பு வரைக்கும் மண்ணில் டயர் தடம். கயிறு பிடித்துக் கோடு போட்டாற்போல இருந்தது. இழுபட்ட தேய்ப்பு இல்லை, ஒரு சின்ன வளைசல் இல்லை. முன்வண்டியும் பின்னால் டிரெய்லரும் ஒரே நூலில் கிடந்தன. முப்பது டன் பின்னாலிருந்து தள்ளி, முன்னே ஸ்டியரிங்கையும் ஒடித்திருந்தால் வண்டி கத்திரிக்கோல் மாதிரி மடங்கிக் கிடக்கும். மடங்கிய வண்டிகளை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! பிரேக் இல்லை என்றால் டிரைவர் என்ன செய்வான்? கை தன்னாலே திருப்பும். புத்தி சொல்லி அல்ல, கையே செய்யும். கை செய்யவில்லை என்றால் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

ரெஜினா டீ கொண்டுவந்து வைத்தாள். போனை எட்டிப் பார்த்தாள்.

சகாயம் ஒரு முன்சக்கரத்தை இடுக்கியால் எடுத்தார். பசை தொட்டார். வலது பக்கமாக நன்றாக ஒடித்து வைத்து அழுத்தினார். அடுத்ததையும் அப்படியே.

"போட்டோவுல நேரால்ல இருக்கு?" என்றாள் ரெஜினா.

"சேத்துக்குள்ள ஒனக்கு நேரும் கோணையும் தெரியுதோ? பெரிய இன்ஸ்பெக்டரு!"

அவள் டீ டம்ளரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். டீயில் ஆடை படிந்து ஈ விழுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று பூமிநாதனை நினைத்து ஒரு தரம் துப்பிப் பார்த்தார். வாயில் எச்சில் வரவில்லை.

மறுநாள் பூசை முடிந்து, மத்தியானம் சாப்பிட்டு, ஆட்டோவில் மடி மேல் வண்டியை வைத்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டினார். ஒட்டின சக்கரம் ஒட்டினதுதான், இனி என்ன செய்ய? தான் தூங்கவில்லை, மோதித் திரும்பியது, போட்டோ பொய், தடம் வேறு வண்டித் தடம் என்று தனக்குத் தானே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார். ஒவ்வொன்றும் சொல்லும்போதே சப்பென்று இருந்தது.

ஷெட்டில் இருபது பேர் போல இருந்தார்கள். பிளாஸ்டிக் வண்டியைப் பலகை மேல் இறக்கியதும் கூட்டம் மொய்த்தது. "அண்ணே, நம்ம வண்டியேல்ல!" என்றான் ஒருவன். "அந்தோணியார் துணையைப் பாருடா" என்றான் இன்னொருவன். ஆளாளுக்குப் போனில் படம் எடுத்தார்கள். பூமிநாதன் கூட்டத்தோடு வராமல் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சகாயம் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. சாக்பீஸால் பலகையில் வலது பக்கம் வளைகிற ரோட்டை வரைந்தார். வண்டியை ரோட்டுக்கு வெளியே வைத்தார்.

"இந்தா வளைவு. இங்கன மிதிச்சேன், பிடிக்கல. முன்சக்கரத்தைப் பாருங்க, எங்கன பாத்திருக்கு? நான் என்ன சும்மாவா ஒக்காந்திருந்தேன்?"

குரல் வழக்கம்போலவே வந்தது. அதுதான் அவருக்கே கூசியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். "முழுசா ஒடிச்சிருக்காரு மனுசன்" என்று யாரோ சொன்னார்கள். மருதுபாண்டி தாடையைத் தடவினார். "என்னப்பா செய்ய? கண்ணுல பாத்த பெறகு..." என்று இழுத்தார். பூமிநாதனுக்கு ஷெட் இல்லை என்று அதற்கு அர்த்தம். அங்கிருந்த எல்லோருக்கும் அது விளங்கியது.

பூமிநாதன் உள்ளே வந்தான். கூட்டம் விலகி வழி விட்டது. அவன் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வண்டியை வெகுநேரம் பார்த்தான். காற்றுக் குழாயைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்தினான்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான். "மூணு வருசமா ஒங்களை மனசுக்குள்ள திட்டாத நாளில்ல. நான் சரியாத்தான முடுக்குனேன், ஒவ்வொரு சக்கரமா தூக்கிச் சுத்திப் பாத்துத்தான வண்டியக் குடுத்தேன், இவரு எதுக்குப் பொய் சொல்லுறாருன்னு. என் பொண்டாட்டிட்டயும் அதான் சொல்லிருக்கேன். இப்பத்தாண்ணே தெரியுது. இம்புட்டு ஒடிச்சும் நிக்கலன்னா நான்தான் எங்கயோ விட்டுருக்கேன். ஒங்க உசுரு போயிருக்குமே. மன்னிச்சிருங்க."

சொல்லிக்கொண்டே கையை நீட்டிச் சகாயத்தின் நொண்டிக் காலைப் பிடித்தான். செருப்போடு சேர்த்துப் பிடித்தான்.

பிளாஸ்டிக்கில் ஒட்டிய பொய் தன்னை நம்புகிறவர்களிடம் மட்டுமல்ல, தன்னை நம்பாமல் இருந்த ஒரே ஆளிடமும் பலித்துவிட்டது. அந்த ஒருத்தனுக்கு மட்டும்தான் உண்மை தெரிந்திருந்தது. அதையும் பிடுங்கியாகிவிட்டது. சகாயத்துக்குத் தன் காலே அழுகிய சாமான் போல இருந்தது. வாழ்நாளில் எதன் மேலும் அவருக்கு இப்படி ஒரு அருவருப்பு வந்ததில்லை.

"விடுலே" என்றார். "ஏலே பூமி, காலை விடு."

அவன் விடவில்லை.

"நான் ஒடிக்கவே இல்லலே. கீழக்கரையில பிரியாணியை வயிறு முட்டத் தின்னுட்டு ஏறுனேன். ஏர்வாடி தாண்டுனது தெரியும். பெறகு ஒண்ணும் தெரியாது. தூங்கிட்டேன்."

"என்னண்ணே சொல்றீக?" என்றார் மருதுபாண்டி.

"ஒன் போன்லதான் போட்டோ இருக்கு. எடுத்துப் பாரு. சக்கரம் நேரா இருக்கு. தடமும் நேரா இருக்கு. நேத்து பாத்தேன். பாத்துட்டும் இப்பிடி ஒட்டிக் கொண்டாந்தேன்."

மருதுபாண்டி போனைத் துழாவி எடுத்தார். பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து போனைப் பூமிநாதனிடம் நீட்டினார். பூமிநாதன் ஒரு கையால் வாங்கிப் பார்த்தான். இன்னொரு கை இன்னும் செருப்பின் மேல்தான் இருந்தது. பார்த்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாரேன் மருதண்ணே. ஷெட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே எழுந்தான். சகாயத்தின் முகத்தை அவன் பார்க்கவில்லை. காலைப் பிடித்திருந்த கையைக் கைலியில் ஒரு தடவை துடைத்தான். புறங்கையைத் திருப்பி இன்னொரு தடவையும் துடைத்துக்கொண்டான்.